தலைக்கு மேல் உப்புத்தாள்

சரக்... சரக்... சரக்...

கூரையைப் பார்த்தபடியே நின்றதில், பால் பொங்கி, அடுப்பை அணைத்து, மேடையில் ஓடி, மூத்த மருமகளின் கால் விரலில் சொட்டிச் சுட்ட பிறகுதான் அவள் குனிந்து பார்த்தாள்.

"ஒன்பதாவது நாள்!" என்றாள். பாலைப் பற்றிச் சொல்லவில்லை.

கூடத்தில் பெயிண்டர் டப்பாவின் மூடியைத் திறக்கத் திருப்புளியைக் கையில் எடுத்திருந்தார். பல வருடத் தொழில்காரர். பெயிண்டையும் பேச்சையும் அளவாகச் செலவழிப்பவர்.

"அம்மா, சுவரு நல்லா இருக்கு. தூசி தட்டியாச்சு. மூலையில ரெண்டு வெடிப்பு, அடைச்சாச்சு. அடுப்படியில எண்ணெய்ப் பிசுக்கு, துடைச்சாச்சு. கலரைத் திறந்துடவா?"

"திறந்தீங்கன்னா இருக்கு உங்களுக்கு!" மூத்தவள் ஓடிவந்து மூடியின் மேல் கையை வைத்தாள். "மேல கேக்குதா இல்லையா? ஒன்பது நாளா உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறாங்க. அவ வீட்டுக்கு ஒன்பது நாள் தேய்ப்பு, என் வீட்டுக்கு வெறும் தூசி தட்டலா?"

பெயிண்டர் காதைச் சாய்த்துக் கேட்டார். "ஒன்பது நாள் தேய்ச்சா சுவரு மிஞ்சாதேம்மா. அந்தப் பக்கம் தெரு தெரியணுமே. சத்தம் வேற ஒரே இடத்துலேருந்து வருது."

"அவ்வளவு நுணுக்கமா பண்றாங்க! ஒரு இடத்தை முடிக்காம அடுத்த இடத்துக்குப் போறதில்ல போலிருக்கு."

அது இரண்டு தளம் கொண்ட வீடு. கீழே மூத்த மகனும் மருமகளும். மேலே இளைய மகனும் மருமகளும். இளையவன் வேலைக்காக மாதக்கணக்கில் வெளியூரில் கிடப்பவன் என்பதால், மேலே இளையவள் வைத்ததுதான் சட்டம். ஓரகத்திகளுக்குள் சண்டை என்று ஒன்றும் கிடையாது. சண்டையாக இருந்திருந்தால் வாய்விட்டுக் கத்தி ஒரே நாளில் தீர்த்திருப்பார்கள். இது பொறாமை, அதுவும் ஒருதலைப் பொறாமை. கீழேயிருந்து மேலே மட்டும் போய்க்கொண்டிருந்தது.

எல்லாம் மாமனாரால் வந்தது. கட்டட வேலைகளை மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். பையில் மாத்திரை இருக்கிறதோ இல்லையோ, ரசமட்டம் இருக்கும். ஒரு பொருள் சாய்ந்திருக்கிறதா என்று சொல்ல, நடுவில் குமிழி ஓடுமே, அந்தக் கருவி. கண்ணில் பட்ட பலகை, மேஜை, கட்டில் எல்லாவற்றின் மேலும் அதை வைத்துப் பார்ப்பார். பெற்ற பிள்ளைகளே முதுகுக்குப் பின்னால் அவரை 'ரசமட்டம்' என்றுதான் சொல்வார்கள்.

போன வருடம் அவர் வந்து எட்டு நாள் மாடியில் தங்கினார். கிளம்பும்போது படியில் நின்று, ஊருக்கே கேட்கிற குரலில், "சின்னவ கைவேலை சுத்தம்" என்றார். பிறகு கீழ்வீட்டுக்குள் நுழைந்தார். சமையலறை அலமாரித் தட்டில் ரசமட்டத்தை வைத்தார். குமிழியைப் பார்த்தார். "ம்" என்றார். போய்விட்டார்.

அந்த ஒரு 'ம்' மூத்தவளுக்கு ஒரு வருடமாகத் தொண்டையில் சிக்கிய முள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அந்த எட்டு நாளுக்குப் பிறகு இளையவள் பாதியாக இளைத்திருந்தாள். பாராட்டு தலைக்கேறி அழகுக்காக உடம்பைக் குறைக்கிறாள் என்று மூத்தவள் முடிவு கட்டி, தானும் ஒரு வாரம் இரவுச் சாப்பாட்டை விட்டுப் பார்த்தாள். எட்டாவது நாள் மயங்கி விழுந்ததுதான் மிச்சம்.

இப்போது மாமனாரிடமிருந்து கடிதம். 'தனியாக இருக்க அலுத்துவிட்டது. மாதக் கடைசியில் வருகிறேன். இரண்டு வீட்டையும் பார்த்து, எது ஒழுங்காக இருக்கிறதோ அங்கே நிரந்தரமாக இருந்துவிடுவேன்.'

மூத்தவளுக்கு அது கடிதமாகவே தெரியவில்லை. போட்டி அறிவிப்பாகத் தெரிந்தது. "இந்தத் தடவை அவர் என் சுவத்தைத் தடவிப் பார்த்து, 'மூத்தவ வீடுதான் வீடு'ன்னு சொல்லணும். மேல இருக்கறவ காதுல விழற மாதிரி சொல்லணும். அது போதும் எனக்கு" என்றாள் கணவனிடம்.

"அப்பா நம்மகூடவே இருந்தா எப்படி இருக்கும்னு கொஞ்சம் யோசிச்சுப் பார்த்தியா..." என்று அவன் இழுத்தான்.

"உங்களுக்கு உங்க தம்பி பொண்டாட்டி மேல இருக்கற அக்கறை என்மேல இல்ல!"

அதற்குமேல் பேசினால் வேறு எங்கேயோ போய் முட்டும் என்று அனுபவம் சொல்லியது. அவன் செய்தித்தாளுக்குள் போய்விட்டான்.

கடிதம் வந்த மறுநாள் காலையிலேயே மேலே 'சரக் சரக்' ஆரம்பித்துவிட்டது. போன வருடம்தான் பெயிண்ட் அடித்தாள். அதற்குள் மறுபடியும்! மூத்தவள் அன்றே ஓடிப்போய்ப் பெயிண்டரைப் பிடித்தாள். கையிலிருந்த வேலையை முடித்துவிட்டு வர அவருக்கு ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரமும் மேலே ஓயவில்லை.

"மேல இருக்கற பூச்சு எல்லாத்தையும் சுரண்டுங்க" என்றாள் இப்போது.

"நல்லா பிடிச்சு நிக்கிறதைச் சுரண்டக் கூடாதும்மா. உரியறதைத்தான் எடுக்கணும்."

"சுரண்டுங்கன்னேன்."

பெயிண்டர் சுரண்டினார். மஞ்சளுக்குக் கீழே பச்சை வந்தது. பச்சைக்குக் கீழே ஒரு ரோஸ். ரோஸுக்குக் கீழே வெறும் சுண்ணாம்பு வந்து, தொட்டால் மாவாக உதிர்ந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, காலையில் நன்றாக இருந்த கூடம் மாலையில் இடிந்த சத்திரம் மாதிரி நின்றது.

கணவன் அலுவலகத்திலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றினான். உள்ளே பார்த்தான். மறுபடி மாட்டிக்கொண்டான். "வீடு மாறி வந்துட்டேன்னு நினைச்சேன்."

மூத்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மேலே என்னதான் நடக்கிறது என்று பார்த்தே ஆகவேண்டும். என்றோ வாங்கிய ஒரு கரண்டியைத் திருப்பித் தருகிற சாக்கில் மாடிப்படி ஏறினாள்.

இளையவள் கதவை ஒரு சாண் மட்டும் திறந்தாள். புருவத்தில் வெள்ளைத் தூசி. அவளுக்குப் பின்னால் ஈரத் துணி ஒன்று திரையாகத் தொங்கியது. அதற்கும் பின்னால் சரக், சரக்.

"ஐயோ அக்கா, உள்ள வந்துடாதீங்க. மூச்சு அடைச்சுக்கும்."

"கலர் எப்ப அடிக்கப்போறே?"

"கலரா? தேய்ப்பே முடியலையேக்கா! அடிவேலை சரியா இருந்தாத்தானே மேல்பூச்சு நிக்கும்?" என்ற இளையவள், குரலைத் தணித்துக்கொண்டு, "உங்க வீட்டுச் சுவர் நல்லாத்தானே இருக்கு? எதுக்கு வீணா மெனக்கெடறீங்க? நாளைக்கே கலரை அடிச்சு முடிச்சுடுங்கக்கா" என்றாள்.

ஆகா! நான் அரைகுறையாக முடித்து, மாமா வந்து 'ம்' சொல்லவேண்டும். அதுதானே உன் ஆசை? மூத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அப்போது அவள் கண் கதவோரமாக இருந்த வாளியில் விழுந்தது. நுரை ததும்பும் சோப்புத் தண்ணீர். பக்கத்தில் ஒரு துணி.

சுவரைக் கழுவுகிறாள்!

உண்மையில் அது ஊறப்போட்ட தலையணை உறை. ஆனால் பொறாமைக் கண்ணுக்குத் தலையணை உறை எங்கே தெரியும்?

மறுநாள் மதியம், பெயிண்டர் சாப்பிடப் போயிருந்த நேரம். மூத்தவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆறு வாளி சோப்புத் தண்ணீரால் நான்கு சுவர்களையும் கழுவினாள். சுரண்டிய சுண்ணாம்புச் சுவர் கொடுத்ததை எல்லாம் குடித்தது. மிச்சத்தைச் சுவிட்சுப் பெட்டி குடித்தது. 'டப்' என்று ஒரு சத்தம். கீழ்வீட்டில் மின்சாரம் போயிற்று.

திரும்பி வந்த பெயிண்டர் சுவரில் உள்ளங்கையை வைத்து, எடுத்து, சொட்டுகிற கையைப் பார்த்தார்.

"பிசுக்கு இருக்கற இடத்தைத் துணியால துடைக்கச் சொன்னா, ஸ்நானமே பண்ணிவச்சிருக்கீங்க. இது காய நாலு நாள் ஆகும்."

"நாலு நாளா? அதுக்குள்ள அவ பட்டி பார்த்துடுவா!"

மின்சாரத்தைச் சரிசெய்த கையோடு, அக்கம்பக்கத்தில் கேட்டு மூன்று மேஜை மின்விசிறிகளை வாங்கிவந்து, ஈரச் சுவரைப் பார்த்து ஒரே நேரத்தில் போட்டாள். சுவர் காய்ந்ததா தெரியாது. சுரண்டிப்போட்ட தூள் அத்தனையும் எழுந்து, சாப்பாட்டுத் தட்டு, படுக்கை, உள்ளே மடித்து வைத்த துணி என்று ஓர் இடம் விடாமல் உட்கார்ந்தது. மறுநாள் அலுவலகத்தில் ஒருவர், "மாவு மில்லு ஏதாவது பகுதிநேரமா பார்க்கறீங்களா?" என்று கணவனைக் கேட்டாராம். அவன் வந்து சொன்னான். அவள் காதில் விழவில்லை. மேலே தேய்க்கிற சத்தம்தான் விழுந்தது.

மூன்றாம் நாளே பட்டி பார்க்கச் சொன்னாள். பட்டி என்பது சுவரின் பள்ளங்களை நிரப்பி மழமழப்பாக்கும் வெள்ளைப் பூச்சு. "ஈரத்துமேல பூசினா உப்பிக்கும்மா" என்றார் பெயிண்டர். "பூசுங்க" என்றாள். பூசினார். உப்பியது. சுவர் முழுக்கக் கொப்புளம். மறுபடி சுரண்டல்.

"நான் சொன்னா கேக்கறதில்ல. அப்ப என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்று முதன்முறையாகப் பெயிண்டரின் குரல் உயர்ந்தது.

மூத்தவளுக்கு அழுகை வந்துவிட்டது. "உங்களுக்குத் தெரியாதுங்க. கல்யாணம் ஆகி வந்ததுலேருந்து நானும் இந்த வீட்டைத் துடைச்சுக்கிட்டேதான் இருக்கேன். ஒருத்தர் ஒரு வார்த்தை நல்லா இருக்குன்னு சொன்னதில்ல. அவ வந்தா. மாமா அவகூட இருந்தது எட்டே நாள். வாங்கிட்டா."

பெயிண்டர் சுரண்டியைக் கீழே வைத்தார். "சரி விடுங்கம்மா. நல்லா காயட்டும். கண்ணாடியா ஆக்கித் தரேன். நீங்க மட்டும் எதையும் தொடாதீங்க" என்றார்.

தொடாமல் இருந்தாளா? சுவர் காய்கிற அந்த நாட்களில், கல்யாணப் போட்டோ மாட்டியிருந்த பழைய ஆணி அவள் கண்ணை உறுத்தியது. மேலே இத்தனை நாள் தேய்க்கிறவள் ஆணியையா விட்டுவைத்திருப்பாள்? குறடு கொண்டு இழுத்தாள். வரவில்லை. சுவரில் ஒரு காலை ஊன்றி இழுத்தாள். வந்தது. ஆணி மட்டும் வரவில்லை, அது இறங்கியிருந்த செங்கல்லும் கூடவே வந்தது. கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவே இருந்தது ஒற்றைக் கல் தடுப்புச் சுவர். ஓட்டை வழியாகக் கணவனின் முகம் தெரிந்தது.

"என்னம்மா, ஏதாவது வேணுமா?" என்றான் அவன் சாவதானமாக. இதற்குள் அவனுக்கு எல்லாம் பழகியிருந்தது.

"சிரிக்காதீங்க!"

"சிரிக்கலையே. இப்படியே விட்டுடலாம். காபி கொடுக்க வசதியா இருக்கும்."

கொத்தனார் வந்தார். செங்கல்லை வைத்துப் பூசினார். அதுவும் காயவேண்டும். பிறகு பெயிண்டர் பட்டி பார்த்தார், தேய்த்தார், பிரைமர் என்கிற அடிப்பூச்சு அடித்தார், மறுபடி பட்டி பார்த்தார், மறுபடி தேய்த்தார். சாமான்கள் எல்லாம் நடுக்கூடத்தில் துணி போர்த்திக்கொண்டு நின்றன. புருஷனும் பெண்டாட்டியும் மாடிப்படியில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அப்படிச் சாப்பிடும்போதெல்லாம் இளையவள் மேலேயிருந்து எட்டிப்பார்ப்பாள்.

"முடியப்போகுதாக்கா? மாமா வர்றதுக்குள்ள முடிஞ்சுடும்ல?"

"ஏன், உனக்கு என்ன அவசரம்?"

"இல்லக்கா, ஒரு அக்கறைதான்."

அக்கறையாம்! வயிற்றெரிச்சல் என்று மூத்தவள் சோற்றைப் பிசைந்தாள். யாரோ தன்னைப் பார்த்து வயிறெரிகிறார்கள் என்ற நினைப்பே அவளுக்குப் பசியைக் கிளப்பியது.

கடைசித் தேய்ப்பு முடிந்ததும் டார்ச்சை எடுத்தாள். மாமனார் அப்படித்தான் பார்ப்பார். டார்ச்சைச் சுவரோடு சுவராகப் பக்கவாட்டில் பிடித்தால், பகலில் தெரியாத மேடு பள்ளம் எல்லாம் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். அவள் கண்டுபிடித்த மேடுகளுக்கெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டாள். காலையில் பெயிண்டர் வந்து எண்ணினார். நூற்று நாற்பத்து மூன்று.

"இதுல பாதி உங்க விரல் பட்ட மேடும்மா."

"அதையும் தேயுங்க."

அவரும் தேய்த்தார். அவளும் உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு பக்கத்தில் நின்று தேய்த்தாள். மேலே சரக் என்றால் கீழே சரக், சரக். கை தோல் உரிந்தது. நகம் தேய்ந்தது. வளையலைக் கழற்றி வைத்துவிட்டுத் தேய்த்தாள். கலர் அடிக்கும்போது மாமனார் வர மூன்று நாள்தான் இருந்தது.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, சுவர் என்றால் அதுதான் சுவர். கலர் காய்ந்த அன்று மூத்தவள் கண்ணை மூடிக்கொண்டு, உரிந்த உள்ளங்கையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை இழுத்துக்கொண்டே நடந்தாள். எங்கேயும் தடுக்கவில்லை. திரும்பியும் அப்படியே நடந்தாள். கல்யாணத்தன்றுகூட அவ்வளவு நிம்மதியாக இருந்ததாக அவளுக்கு நினைவில்லை.

மேலே இன்னும் சரக், சரக். பாவம், முடிக்கவில்லை! மூத்தவளுக்கு முதல்முறையாக இளையவள் மேல் இரக்கம் வந்தது. அந்த இரக்கம் மிகவும் ருசியாக இருந்தது.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினாள். இளையவள் சுவரைத் தொட்டாள். தடவினாள். கண் கலங்கிவிட்டது. சட்டென்று மூத்தவளைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, கடவுள் உங்களுக்கு ஒரு குறையும் வைக்கக்கூடாது!"

என்ன நடிப்பு, என்ன நடிப்பு என்று மூத்தவள் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

சொன்ன நாளில் மாமனார் மூன்று டிரங்குப் பெட்டிகளோடு வந்து இறங்கினார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. டார்ச்சை எடுத்தார். பக்கவாட்டில் பிடித்தார். நான்கு சுவரையும் சுற்றி வந்தார். மூத்தவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கணவன் அவளைப் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டான். மாமனார் டார்ச்சை அணைத்து, உள்ளங்கையைச் சுவரில் வைத்து, மெல்ல இழுத்தார்.

"யாரு வேலை இது?"

"நான்தான் மாமா கூடவே நின்னு..."

"சர்வீஸ்ல நான் எத்தனையோ கட்டடம் பார்த்திருக்கேன். இப்படி ஒரு சுவரைப் பார்த்ததில்ல." திரும்பி அவளை முழுதாகப் பார்த்தார். "பேஷ்!"

மூத்தவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. தொண்டையில் ஒரு வருடமாக இருந்த முள் கரைந்து போனது.

"சின்னவ வீட்டையும் ஒரு எட்டு பார்த்துடறேன்" என்று மாமனார் மேலே போனார். கதவு திறக்கிற சத்தம். பிறகு தும்மல். ஒன்று, இரண்டு என்று பதினொன்று வரை கீழே கேட்டது. மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு படியிறங்கி வந்தார்.

"மனுஷன் இருப்பானா அங்க? வாசப்படியைக்கூடத் தாண்ட முடியலை, ஒரே புழுதி! எப்ப முடியும்னு கேட்டா, தெரியலைங்கறா. போன வருஷம் நல்லா இருந்த பொண்ணு, இப்படியா பொறுப்பில்லாமப் போகும்? பெட்டியை எல்லாம் இங்கேயே இறக்குங்க. மூத்தவ வீடுதான் வீடு!"

உரக்கச் சொன்னார். மேலே கேட்கிற மாதிரிதான் சொன்னார். மூத்தவள் கேட்ட வரம் ஒரு சொல் குறையாமல் கிடைத்தது.

பெட்டிகள் உள்ளே வந்தன. மாமனார் முதல் பெட்டியைத் திறந்து ஒரு தடித்த நோட்டும் ரசமட்டமும் எடுத்தார். நேரே சமையலறைக்குப் போய் அடுப்பின் மேல் வைத்தார்.

"ரெண்டு நூல், கால் அங்குலம் சாஞ்சிருக்கு. குறிச்சுக்கிறேன். காலையில நாலரைக்கு எழுந்திருப்பேன், நீயும் எழுந்துடு. முதல்ல இந்த அலமாரியை எல்லாம் காலி பண்ணி, தினம் ஒரு தட்டா பார்த்துடலாம். அந்த டப்பா வரிசை ஏன் உயரப்படி இல்ல?"

"இன்னைக்கே மாத்திடறேன் மாமா!" என்றாள் அவள் பூரித்துப்போய்.

கணவன் சுவரில் சாய்ந்தான். "சுவத்துல சாயாதே!" என்றார் அப்பா. நிமிர்ந்தான்.

அப்போதுதான் மூத்தவளுக்கு ஏதோ வித்தியாசமாகப் பட்டது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. பிறகு புரிந்தது. மேலே சத்தம் நின்றிருந்தது. இத்தனை நாளில் பகல் வேளையில் அந்தச் சத்தம் நின்று அவள் கேட்டதே இல்லை. சாப்பாட்டு நேரத்தில்கூட நின்றதில்லையே என்று வாசலுக்கு வந்தாள்.

மேல்வீட்டில் வேலை செய்த ஆள் தலைமுதல் கால்வரை தூசியாக, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கி வந்துகொண்டிருந்தான். அவள் அவனை நேருக்கு நேர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"என்னப்பா, அதுக்குள்ள கிளம்பிட்டே? சுவத்துக்குக் கலர் அடிக்க வேண்டாமா?"

அவன் எட்டி உள்ளே பார்த்தான். மூன்று பெட்டிகளையும் எண்ணினான். முகம் மலர்ந்தது.

"அப்பாடா! மேல சுவத்துல நான் கையே வைக்கலைங்கம்மா, தரையில ஒரு பலகையைப் போட்டு, பெரியவர் பெட்டி கீழ்வீட்டுல இறங்கற வரைக்கும் உங்க காதுல விழற மாதிரி தேய்ச்சுக்கிட்டே இருன்னுதான் மேல்வீட்டம்மா சொல்லியிருந்தாங்க."